பிள்ளைத் துணி

கிரேஸை இவ்வளவு பொல்லாதவளாக எழுதலாமா என்று சேரன்மகாதேவியிலிருந்து ஒரு வாசகி என்னைக் கோபித்துக்கொண்டிருக்கிறார். அவள் பொல்லாதவள் இல்லை அம்மா. சுத்தக்காரி. ஒரு சுத்தக்காரியும், ராப்பகலாக மூத்திரத் துணி அலசுகிற ஒரு தாயும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் அந்த வீட்டில் ஆனது.

என்ன ஆனது என்று, போன வாரம் படிக்க முடியாமல் போனவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் அருமைநாயகத்துக்கு ஒரே மகள். பேர் யூனிஸ். ஏழு வயசு. உட்கார மாட்டாள், பேச மாட்டாள், கழுத்து நிற்காது, ஒன்றுக்கு இரண்டுக்குப் போவது தெரியாது. யாராவது பேசினால் சிரிப்பாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. அவளைப் பெற்ற சாலோமி ஒரு மரப்பெட்டி நிறையப் பழந்துணி சேர்த்து வைத்திருந்தாள். செத்துப்போன தகப்பனாரின் வேட்டிகள், தன் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சேலை, அக்கம்பக்கத்தில் கெஞ்சி வாங்கிய துண்டுகள். எல்லாம் வெந்நீரில் அவித்து வெயிலில் காயவைத்து மடித்து வைத்தவை.

அருமைநாயகத்தின் அக்காள் கிரேஸ். கைம்பெண். வெள்ளைச் சேலை உடுத்து வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுகிறவள். கடல் தாண்டிப் பாஸ்ராவில் நடக்கிற சண்டையில் காயம்பட்டுக் கிடக்கிற சிப்பாய்களுக்குக் கட்டுத்துணி அனுப்ப வேண்டும், பழந்துணி இருந்தால் காணிக்கையாகக் கொண்டுவாருங்கள் என்று சபையில் அறிவிப்பு வந்தது. கிரேஸ் அந்தப் பெட்டியைக் காலி செய்து மூட்டையாகக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டாள். வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் கந்தல் என்றுதான் நினைத்தாள். சபைப் போதகரான ஐயர் கை நீட்டி ஜெபம் பண்ணினார். அப்படி ஜெபம் பண்ணி வாங்கிய காணிக்கையைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் அந்தச் சபையில் கிடையாது.

பழந்துணிதானே, வேறு கிடைக்காதா என்று கேட்பீர்கள். சண்டை ஆரம்பித்து மூன்று வருஷமாகிவிட்டது. சீமைத் துணி வரத்துக் குறைந்து, ஊரில் யாரும் துணியைக் கழிப்பதே இல்லை. கிழிந்ததைத் தைத்து உடுத்துகிறார்கள், தையல் விட்டால் மறுபடி தைக்கிறார்கள். புதுத்துணி யூனிஸுக்கு ஆகாது. கஞ்சிப்பசை போட்ட புதுத்துணி அவள் தோலை உரித்துவிடும். வருஷக்கணக்காகத் துவைத்து நைந்த துணிதான் ஈரத்தையும் வாங்கும், உடம்பையும் உறுத்தாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் விரிப்பு எப்போதோ வெடித்து ஒழுகிவிட்டது. வேறொன்று கேட்டதற்குக் கப்பல் வரட்டும் என்றார்கள். பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

இது ஐப்பசி மாதத்து அடைமழைக் காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி புதன்கிழமைக்கு வருவோம்.

விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. கரி அடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் துணியைப் பரத்தி, சாலோமி அதைப் புரட்டிப் புரட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு துணி காய்வதற்குள் யூனிஸ் அடுத்ததை நனைத்துவிடுவாள். வீடெல்லாம் புகையும் மூத்திரமுமாக மணத்தது. சாலோமிக்கு அந்த நாற்றம் தெரியாமல் போய் ரொம்பக் காலம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாத்தனாரும் அவளும் பேச்சு வார்த்தை இல்லை. ஆனால் ஒரே வீட்டில் பேசாமல் எப்படி இருக்கிறது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். யூனிஸைப் பார்த்துப் பேசினார்கள். ஒங்க அத்தைக்கு வெந்நி ஆறிப்போகுது என்று சாலோமி யூனிஸிடம் சொல்லுவாள். ஒங்க அம்மையச் சட்டியை எறக்கி வைக்கச் சொல்லு என்று கிரேஸ் யூனிஸிடம் சொல்லுவாள். பிறந்ததிலிருந்து தன்னிடம் யாரும் இவ்வளவு பேசாத பிள்ளை, இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துக்கொண்டே கிடந்தது. சண்டையில் லாபம் அடைந்தவள் அவள் ஒருத்திதான்.

துணி மாற்றும்போதுதான் சாலோமி அதைப் பார்த்தாள். இடது இடுப்பில் நேற்று வெளுத்திருந்த தோல் இன்றைக்கு உரிந்துவிட்டது. வேப்பம்பழம் அளவுக்குச் சிவந்த புண். முந்தின மழைக்காலத்தில் இப்படி வந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: ஈரம் படவே கூடாது, பட்டுக்கொண்டே இருந்தால் புண் எலும்புவரை போகும், அப்புறம் காய்ச்சல் வரும், அப்புறம் எங்கள் கையில் இல்லை. அப்போது பெட்டி நிறையத் துணி இருந்ததால் பிழைத்தார்கள்.

சாலோமி புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அருமைநாயகம் குனிந்து பார்த்தார். சட்டென்று நிமிர்ந்துகொண்டார். ஐயரிடம் போய்த் துணியைத் திருப்பிக் கேளுங்கள் என்றாள் அவள். அவர் தலைப்பாகையைச் சரிசெய்தார், குடையைத் தேடினார். பீடத்தின் முன் வைத்ததை ஒரு மிஷன் வாத்தியாரே திருப்பிக் கேட்டால் சபையில் நாளைக்கு எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் மேலப்பாளையம் போகிறேன், நெசவுக்கார காஜா முகைதீன் வீட்டில் பழைய கைலி ஏதாவது இருக்கும், கேட்டு வாங்கிவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துப் போனார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்கள் சாயங்காலம் என்பார்கள். புண்ணுக்குக் காலையிலேயே துணி வேண்டியிருந்தது.

சாலோமி அடுப்பைப் பார்த்தாள், மழையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிறகு யூனிஸிடம் சொல்லாமல் நேராகவே சொன்னாள்.

"மைனி, நான் கோயில் வரைக்கும் போயிட்டு வாரேன். பிள்ளையப் பாத்துக்கிடுங்க. நனைஞ்சா உடனே மாத்தணும். இடுப்புல புண்ணு இருக்கு, கை படாம பைய தூக்குங்க."

கிரேஸ் கையில் வேதத்தோடு வெளியே கிளம்பத் தயாராக நின்றாள். இந்தப் பிள்ளைக்கு அவள் ஒருநாளும் துணி மாற்றியதில்லை. யாரும் அவளிடம் கேட்டதுமில்லை. என்ன சொல்லுவாளோ என்று சாலோமி காத்திருக்கவும் இல்லை. ஒரு கிழிந்த சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

கோயிலுக்குப் பின்னால் பெண்கள் பள்ளிக்கூடத்துக் கூடத்தில்தான் கட்டுத்துணி சுருட்டும் வேலை நடந்தது. பாய் விரித்து, வட்டமாக உட்கார்ந்து, பெண்கள் கிழிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தார்கள். நடுவில் ஐயரம்மா ஞானவடிவு. நல்ல தடித்த சரீரம், கனிந்த பேச்சு. அவரவர் வீட்டுக் கதைகளோடு இடையிடையே பாட்டும் பாடி, வேலை சந்தோஷமாகவே நடந்துகொண்டிருந்தது.

சாலோமி வாசலில் நின்று தலைச் சாக்கை எடுத்தாள். வரும் வழியெல்லாம் ஐயரம்மாவிடம் என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். எங்கள் வீட்டு மூட்டை தவறாக வந்துவிட்டது, தயவுபண்ணித் திருப்பித் தாருங்கள். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

பாயைப் பார்த்ததும் அது போயிற்று. அவள் தகப்பனார் வேட்டியின் மாம்பிஞ்சுக் கரை, மூன்று விரல் அகல நாடாவாகக் கிழிந்து, சுருணை சுருணையாக ஒரு தட்டில் அடுக்கியிருந்தது. பக்கத்தில் அவள் கல்யாணச் சேலை. அதுவும் நாடாதான். மூன்று விரல் அகலத் துணி சிப்பாயின் கைக்கு ஆகும். யூனிஸின் அடியில் போட ஆகாது.

"ஏளா, இந்த மழையில என்னத்துக்கு வந்த?" என்று கேட்டது அன்னபாக்கியம். பாஸ்ராவுக்குக் கணக்குப்பிள்ளையாக மகனை அனுப்பிவிட்டு, அவனுக்கே சுற்றுவதாக நினைத்து ஒவ்வொரு சுருணையையும் இறுக்கிச் சுற்றுகிற தாய்.

திருப்பிக் கேட்பதற்கு இனி ஒன்றுமில்லை. ஆனால் வெறுங்கையோடு போகவும் முடியாது.

"கொஞ்சம் பழந்துணி வேணும்மா," என்றாள். "கிழிக்காததா. நல்ல நைஞ்சதா."

பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு ஐயரம்மாவின் முகம் மலர்ந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுப் பெண் வந்து நைந்த பழந்துணி கேட்டாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறது. பிறந்த பிள்ளைக்குப் புதுசு போடுவதில்லை. பத்து வீட்டுப் பழந்துணி சேர்த்துத்தான் போடுவார்கள். கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. உடுத்தியிருப்பதில் பாதியைக் கிழித்தாவது கொடுப்பார்கள். யூனிஸ் பிறந்தபோதும் ஊரே கொண்டுவந்து குவித்தது. முதல் வருஷம் குவித்தது. பிறகு நடக்காத பிள்ளைக்கு, மூன்று வயசுப் பிள்ளைக்கு, ஏழு வயசுப் பிள்ளைக்குத் துணி வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. யூனிஸைக் கோயிலுக்குக் கொண்டுவருவதில்லை. காணாததை மறப்பது மனுஷ சுபாவம். அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை நல்ல பெண்களும் யூனிஸை மறந்தே போயிருந்தார்கள்.

"எத்தன மாசம்மா?" என்று ஐயரம்மா மெதுவாகக் கேட்டாள்.

சாலோமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். சத்தியமாகத் திறந்தாள், நான் அவளுக்காகச் சாட்சி சொல்லுகிறேன். அதற்குள் அன்னபாக்கியம் எழுந்து அவள் கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கியாயிற்று. ஏழு வருஷம் கழிச்சுக் கர்த்தர் கண் திறந்துட்டாரு என்று ஒருத்தி அழுதாள். உள் அறையில் இன்னும் ஜெபம் பண்ணாத மூட்டைகள் இருக்கின்றன, அதிலிருந்து எடுத்துக்கொடுங்கள் என்று ஐயரம்மா உத்தரவு போட்டாள். இரண்டு பேர் ஓடினார்கள்.

அவர்கள் கொண்டுவந்ததைச் சாலோமி பார்த்தாள். நைந்து, கைபட்டால் வழுக்குகிற மல் வேட்டி. அகலமான பருத்திச் சேலை, கிழிக்காதது. அந்தத் துணியைப் பார்த்ததும் அவளுக்கு வேறு எதுவும் ஞாபகமில்லை. இடுப்புப் புண் ஒன்றுதான் ஞாபகம் இருந்தது.

"இப்பத்தான்... மூணு," என்றாள்.

அன்னபாக்கியம் தன் பைக்குள் கைவிட்டு, மகன் சின்ன வயசில் உடுத்திய வேட்டி ஒன்றை எடுத்தாள். கிழித்துச் சுருட்ட மனசு வராமல் கொண்டுவருவதும் கொண்டுபோவதுமாக இருந்தாளாம். இதையும் வச்சுக்கோ, உம்பிள்ளைக்குப் போகட்டும், சும்மா சொல்லக்கூடாது, எம்மவன் ராசிக்காரன் என்றாள். சாலோமி அதை வாங்கிக்கொண்டாள். வாங்கிவிட்டு அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை எல்லோரும் மசக்கைச் சோர்வு என்று நினைத்து, உட்காரச் சொல்லி, சுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அவள் அதையும் குடித்தாள்.

திரும்பும் வழியில் மூட்டை நனையாமலிருக்கச் சாக்கை மூட்டைமேல் போட்டுக்கொண்டு தான் நனைந்து வந்தாள். பொய் சொல்லிவிட்டோமே என்று அழுகை வந்ததா என்று கேட்டால், வரவில்லை. அழுவதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவளுக்குத் தூக்கம்தான் வந்தது. நடந்துகொண்டே தூங்கினாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வீட்டில் கிரேஸ் அடுப்போரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் யூனிஸ். கூடையின் மேல் இருந்த துணியெல்லாம் தீர்ந்து, எல்லாம் நனைந்து ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. கிரேஸின் வெள்ளைச் சேலை முன்பக்கம் முழுக்க மஞ்சளாக நனைந்திருந்தது. வேதம் வாசிக்கப் போகவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"பைய வா. இப்பத்தான் கண்ணசந்தா," என்றாள் கிரேஸ். பிறகு, "இந்தப் புண்ண ஏன் எங்கிட்டக் காட்டல?" என்றாள்.

காட்டுகிற மாதிரி என்றைக்கு நின்றீர்கள் என்று சாலோமி கேட்டிருக்கலாம். மூட்டையைப் பிரித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து பிள்ளையைப் புரட்டி, துடைத்து, புண்ணில் களிம்பு வைத்து, மெத்தென்ற உலர்ந்த துணியை நாலாக மடித்துக் கீழே போட்டார்கள். யூனிஸ் தூக்கத்திலேயே பெரிசாக மூச்சு விட்டாள். அந்த மூச்சைக் கேட்டதும் சாலோமி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

இவ்வளவு துணியை யார் கொடுத்தது என்று கிரேஸ் கேட்டாள். சாலோமி ஒளிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

கிரேஸின் முகம் கறுத்தது. பொய் சொல்லாதே என்று ஊரெல்லாம் வேதத்தின் பத்துக் கற்பனையைச் சொல்லிக்கொடுக்கிறவள் வீட்டில், கோயில் கூடத்தில் வைத்துச் சொன்ன பொய். அதுவும் கர்ப்பப் பொய். ஐயரம்மா வாயில் விழுந்தது ஐயர் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஆறு மாதத்தில் எந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுவாய் என்று கேட்டாள். ஆறு மாதம் என்பது சாலோமிக்கு வெகு தூரத்தில் இருந்தது.

"போயி எல்லாத்தையும் குடுத்துட்டு, பொய் சொன்னேன்னு சொல்லிட்டு வா," என்றாள் கிரேஸ். சொல்லிவிட்டு மூட்டையை எடுக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை பிள்ளையின் அடியில் இருந்த துணியைத் தொட்டுப் பார்த்தது. அதற்குள் நனைந்திருந்தது. கிரேஸ் மூட்டையிலிருந்து இன்னொன்றை உருவி, மடித்து, தானே மாற்றினாள். எல்லாம் என்னாலதான் வந்தது என்று முணுமுணுத்தாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் விட்டு நேரம் ஆகவில்லை. மேலப்பாளையம் போய்த் திரும்ப விளக்கு வைக்கிற நேரமாவது ஆகும். அருமைநாயகம் அதற்குள் வந்து நின்றார். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடந்தது. கையில் துணி இல்லை. பூவந்தி இனிப்புப் பொட்டலம் ஒன்று இருந்தது.

சபை உபதேசியார் பள்ளிக்கூட வாசலில் வைத்துக் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். ஐயர் கூப்பிட்டனுப்பி, வருகிற ஞாயிற்றுக்கிழமை விசேஷ ஸ்தோத்திரம் ஏறெடுக்கலாம் என்றாராம். மேலப்பாளையம் போவது அவருக்கு மறந்தே போயிற்று. மனுஷர் சிரித்தார். இப்படிச் சிரித்து சாலோமி பார்த்து ஏழு வருஷமாகிறது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா, சாலோமி?" என்றார்.

சாலோமி கிரேஸைப் பார்த்தாள். கிரேஸ் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தாள். சொல்லிவிட்டால்கூட நல்லது என்றிருந்தது. கிரேஸ் வாயைத் திறந்தாள், தம்பி முகத்தைப் பார்த்தாள், அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். "நனைஞ்சு வந்துருக்க. தலையத் துவட்டு தம்பி," என்று மட்டும் சொன்னாள்.

அவர் துவட்டவில்லை. நேராக யூனிஸிடம் போனார். அவர் மகளைத் தூக்கி எத்தனையோ மாதம் ஆகிறது. இன்றைக்குக் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டார். தகப்பன் குரல் இவ்வளவு பக்கத்தில் கேட்டதும் யூனிஸ் விழித்து, வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

"யூனிஸு, ஒனக்குத் தம்பி வாரான்," என்றார் அருமைநாயகம். "இந்தத் தடவை நமக்கு நல்ல பிள்ளையாத் தருவாரு கர்த்தரு."

பிள்ளை இன்னும் பலமாகச் சிரித்தது.

சாலோமி எழுந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். துணியும் போய்விடும், அவர் பிள்ளையைத் தூக்கியதும் போய்விடும். அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

"பிள்ளைய எங்கிட்டத் தாங்க," என்றாள். "நனைஞ்சுட்டா."